டொமைனுக்கு மாறின மறுநாள் லைசென்ஸ் சர்வர் ஏன் கிடைக்கலை?

பீர்க்கன்கரணைலேர்ந்து பேசுறேன். நடுவுல ஜி.எஸ்.டி. ரோடு ஹாரன் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பெருங்களத்தூர் பக்கம் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்ல ஐ.டி. சப்போர்ட் வேலை. சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. அந்த ஆபீஸ்ல சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல எல்லா கம்ப்யூட்டரையும் டொமைன் நெட்வொர்க்குக்கு மாற்றியிருக்காங்க. திங்கள் காலையில எல்லாரும் லாகின் ஆயிட்டாங்க, மெயில் வருது, பிரின்டர் ஓடுது. ஆனா டிராயிங் சாஃப்ட்வேர் மட்டும் ஒருத்தருக்கும் திறக்கலை. ‘லைசென்ஸ் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’னு ஒரே செய்தி. அன்னைக்குச் சாயங்காலம் ஒரு கிளையன்ட்டுக்கு டிராயிங் போயாகணும்.

மேலாளர் வந்து, ‘ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணும்மா’னு சொல்றார். பக்கத்து சீட்காரர், ‘என்கிட்ட கிராக் இருக்கு, போட்டுத் தரவா’னு கேட்கிறார். இவங்க ரெண்டுக்கும் ஒத்துக்கலை. நாலு மணி வரைக்கும் ஒத்தையா தேடி, கடைசியில சரிபண்ணிட்டாங்க. ஆனா கேள்வி இதுதான்: ‘அண்ணா, அன்னைக்கு நான் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான் தேடினேன். இதுக்கு ஒரு வரிசை இருக்கா? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?’

வரிசை இருக்கு. இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான்.

லைசென்ஸ் சர்வர் என்ன வேலை செய்யுது?

ஒரு ஆபீஸ்ல 20 பேர் இருக்காங்க, ஆனா 20 பேரும் ஒரே நேரத்துல அந்த விலை அதிகமான சாஃப்ட்வேரைப் பயன்படுத்துறதில்லைன்னு வைங்க. அப்போ 8 லைசென்ஸ் வாங்கி ஒரு கம்ப்யூட்டர்ல வைப்பாங்க. யார் திறக்கிறாங்களோ அவங்க ஒண்ணை எடுத்துக்கணும், மூடும்போது திருப்பிக் கொடுத்துடணும். நூலகத்துல புத்தகம் எடுக்கிற மாதிரி. கணக்கு வைக்கிற அந்த கம்ப்யூட்டர்தான் லைசென்ஸ் சர்வர்.

இந்த ஏற்பாட்டை ரொம்பப் பரவலாக்கினது ஃப்ளெக்ஸ்எல்எம்ங்கிற மென்பொருள். 1988ல வந்தது. க்ளோப்டிராட்டர், மேக்ரோவிஷன்னு பல கைகள் மாறி, இப்போ ஃப்ளெக்ஸ்நெட்ங்கிற பெயர்ல இருக்கு. மேட்லேப், ஆன்சிஸ், சாலிட்வொர்க்ஸ் மாதிரி பொறியியல் ஆபீஸ்லயும் காலேஜ் லேப்லயும் ஓடுற பல சாஃப்ட்வேர்களோட நெட்வொர்க் லைசென்ஸுக்கு அடியில இதுதான் இருக்கு. ஆட்டோடெஸ்க் மட்டும் 2020 ஆகஸ்ட் 7லேர்ந்து நெட்வொர்க் சந்தாக்களை ஆள் பெயர் சார்ந்த சந்தாவா மாற்ற ஆரம்பிச்சது. ஆனாலும் பழைய நெட்வொர்க் லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆபீஸ்கள் இருக்கு. அதனால இந்தத் தலைவலி இன்னும் பழசாகலை.

சாஃப்ட்வேரைத் திறந்ததும் நடக்கிறதை நாலு படியாப் பிரிக்கலாம்.

ஒண்ணு, லைசென்ஸ் சர்வர் எங்கேனு சாஃப்ட்வேர் தன்னோட அமைப்புகள்ல பார்க்குது. அங்கே ஒரு போர்ட் எண்ணும் ஒரு சர்வர் பெயரும் எழுதியிருக்கும். ரெண்டு, அந்தப் பெயருக்கு ஐ.பி. முகவரி என்னனு கேட்டுத் தெரிஞ்சுக்குது. மூணு, அந்த முகவரியில அந்த போர்ட் கதவைத் தட்டுது. நாலு, சர்வர் ‘நீ யாரு’னு பார்த்து, இடம் இருந்தா லைசென்ஸ் கொடுக்குது.

இடம், பெயர், கதவு, ஆள். டொமைனுக்கு மாறும்போது இந்த நாலுல எது வேணா உடையலாம். லைசென்ஸ் ஃபைல் அநேகமா அப்படியே பத்திரமா இருக்கும். அதனால ‘லைசென்ஸ் போச்சு’னு பயந்து சாஃப்ட்வேரை அழிச்சிட்டு மறுபடியும் இன்ஸ்டால் பண்றதுல பலன் இல்லை. நேரம்தான் போகும்.

டொமைன்னா என்ன மாறுது?

எங்க ஊரை வெச்சே சொல்றேன். பீர்க்கன்கரணை ரொம்ப நாள் தனிப் பேரூராட்சி. 2021ல தாம்பரம் மாநகராட்சி உருவானப்போ பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை பேரூராட்சிகளோட எங்க ஊரும் அதுல சேர்ந்தது. ஏரி அதே இடத்துல இருக்கு, எங்க தெரு அதே தெரு. ஆனா வரி எந்த ஆபீஸ்ல கட்டுறது, எந்த வார்டு, யார்கிட்ட புகார் சொல்றது, எல்லாம் மாறிப்போச்சு.

டொமைனும் அப்படித்தான். முன்னாடி ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனிப் பேரூராட்சி. யூசர், பாஸ்வேர்ட், விதிமுறை எல்லாம் அதுக்குள்ளேயே. டொமைன்ல சேர்ந்ததும் டொமைன் கன்ட்ரோலர்னு ஒரு தலைமை அலுவலகம் வருது. யார் உள்ளே வரலாம், யாருக்கு என்ன பெயர், ஃபயர்வால் விதி என்ன, கடிகாரத்துல மணி என்ன, எல்லாம் அங்கேர்ந்து வரும். டேபிள் மேல இருக்கிற கம்ப்யூட்டர் அதேதான், ஆனா அதோட முழுப் பெயரும் அது யார் பேச்சைக் கேட்கணும்ங்கிறதும் மாறிடுச்சு. லைசென்ஸ் சர்வருக்குப் பெயரும் எண்ணும்தான் தெரியும். அதனாலதான் மெயிலும் பிரின்டரும் வேலை செய்யும்போது இது மட்டும் முரண்டு பிடிக்குது.

முதல்ல பெயர்

பெருங்களத்தூர் ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட ‘பிள்ளையார் கோயில் தெரு’னு சொன்னா கொண்டுவந்து விட்டுடுவார். எழும்பூர்ல நின்னுக்கிட்டு அதையே சொன்னா, ‘எந்த ஊர் சார்?’னு கேட்பார். அங்கே முழு விலாசம் வேணும்.

பழைய நெட்வொர்க்ல எல்லா கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்ச்சுல இருந்ததால, ‘லைசென்ஸ்-பிசி எங்கே இருக்கே?’னு ஒரு கம்ப்யூட்டர் சத்தம் போட்டுக் கேட்கும், அது ‘இங்கே இருக்கேன்’னு பதில் சொல்லும். டி.என்.எஸ். சர்வர் இல்லாமலே காரியம் நடந்துடும். டொமைனுக்கு மாறும்போது பல ஆபீஸ்ல சர்வர்களைத் தனி நெட்வொர்க் பிரிவுக்கு நகர்த்துவாங்க. அந்தச் சத்தம் ரௌட்டரைத் தாண்டாது. இனிமே டி.என்.எஸ். சொன்னாதான் வழி தெரியும்.

இந்த டி.என்.எஸ். வந்த கதையும் இதேதான். ஆர்ப்பாநெட் காலத்துல ஊர்ல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரோட பெயரையும் முகவரியையும் ஒரே ஃபைல்ல எழுதி, அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி நிறுவனம் பராமரிச்சது. மத்தவங்க அதை நகல் எடுத்துக்குவாங்க. கம்ப்யூட்டர் பெருகினதும் அது தாங்கலை. 1983ல பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை வடிவமைச்சார். அந்தப் பழைய ஃபைலோட வாரிசு, ஹோஸ்ட்ஸ் ஃபைல்ங்கிற பெயர்ல, இன்னும் உங்க விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ள உட்கார்ந்திருக்கு.

சோதனை எளிது. டிராயிங் சாஃப்ட்வேர் திறக்காத கம்ப்யூட்டர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, என்.எஸ்.லுக்கப்னு போட்டு சர்வரோட பெயரைக் கொடுங்க. அப்புறம் டொமைன் பெயர் சேர்த்த முழுப் பெயரையும் கொடுங்க. ரெண்டுக்கும் சரியான ஐ.பி. வருதா பாருங்க.

வரலைன்னா மூணு காரணம் பார்க்கணும். ஒண்ணு, கம்ப்யூட்டரோட டி.என்.எஸ். அமைப்புல டொமைன் கன்ட்ரோலர் முகவரியோட ரெண்டாவதா கூகுளோட 8.8.8.8 இருக்கலாம். உங்க ஆபீஸ் உள்பெயர் கூகுளுக்குத் தெரியாது. அதனால ஒரு சமயம் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது. வெளியுலகப் பெயரைத் தேடுற வேலையை டொமைன் கன்ட்ரோலர் பார்த்துக்கும், கம்ப்யூட்டருக்கு உள் டி.என்.எஸ். மட்டும் கொடுங்க. ரெண்டு, சர்வரோட ஐ.பி. மாறி, டி.என்.எஸ்.ல பழைய பதிவே இருக்கலாம். மூணாவதுதான் பலர் கவனிக்காதது: லைசென்ஸ் சர்வரை மட்டும் டொமைன்ல சேர்க்காம மூலையில விட்டிருப்பாங்க. அது தப்பில்லை, ஃப்ளெக்ஸ்எல்எம்முக்கு டொமைன் தேவையே இல்லை. ஆனா டொமைனோட டி.என்.எஸ். வழக்கமா டொமைன் உறுப்பினர்கள் மட்டுமே தங்கள் பெயரைத் தானாப் பதிவு செய்ய விடும். வெளியாளை யாராவது கையால எழுதிச் சேர்க்கணும்.

‘பெயர் எதுக்கு, ஐ.பி.யையே கொடுத்துட்டா?’னு கேட்பீங்க. சோதனைக்குப் பண்ணிப் பாருங்க. ஆனா முதல் பதில்ல லைசென்ஸ் சர்வர் தன் ஃபைல்ல எழுதியிருக்கிற பெயரைச் சொல்லி ‘அங்கே போ’னு திருப்பி அனுப்பலாம். அந்தப் பெயர் புரியலைன்னா மறுபடியும் மாட்டிக்கும். பெயரைச் சரிபண்றதுதான் நிரந்தரத் தீர்வு.

அடுத்தது கதவு

நம்ம நேயர் அன்னைக்கு மாட்டினது இங்கேதான். பெயர் சரியா வந்தது, பிங் போச்சு, ஆனா சாஃப்ட்வேர் திறக்கலை. பிங் போறதுக்கும் போர்ட் திறந்திருக்கிறதுக்கும் சம்பந்தம் இல்லை. பிங் போகாமலும் போர்ட் திறந்திருக்கலாம், பிங் போய் போர்ட் மூடியும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம், லைசென்ஸ் சர்வருக்கு ஒரு கதவு இல்லை, ரெண்டு. பெரிய ஆஸ்பத்திரியில முதல்ல ஓ.பி. கவுன்ட்டர்ல சீட்டு வாங்குவோம், அவங்க ‘எத்தனாம் நம்பர் ரூம்’னு எழுதிக் கொடுப்பாங்க, அப்புறம் அங்கே போவோம். இங்கேயும் அதே கதை. கவுன்ட்டர் வேலையைப் பார்க்கிறது லைசென்ஸ் மேனேஜர். அதோட போர்ட் வழக்கமா 27000லேர்ந்து 27009க்குள்ள இருக்கும். சாலிட்வொர்க்ஸுக்கு 25734, ஆன்சிஸுக்கு 1055 மாதிரி சிலதுக்குத் தனி எண் உண்டு. உள்ளே ரூம்ல உட்கார்ந்து லைசென்ஸ் கொடுக்கிறது வெண்டர் டீமன்ங்கிற இன்னொரு நிரல். அதுக்கு வேற போர்ட்.

சிக்கல் என்னன்னா, லைசென்ஸ் ஃபைல்ல வெண்டர் டீமனுக்கு போர்ட் எண் எழுதலைன்னா, ஒவ்வொரு தடவை சர்வர் மறுபடி தொடங்கும்போதும் அது வேற ரூம்ல உட்காரலாம். ஃபயர்வால்ல நீங்க 27000ஐ மட்டும் திறந்து வெச்சிருப்பீங்க. சீட்டு கிடைக்கும், ரூம் பூட்டியிருக்கும். லைசென்ஸ் ஃபைல்ல வெண்டர் வரியில ஒரு போர்ட்டை நிலையா எழுதிடுங்க. ஆட்டோடெஸ்க்குக்கு வழக்கமா 2080, சாலிட்வொர்க்ஸுக்கு 25735. எழுதிட்டு, ஃபயர்வால்ல ரெண்டையும் திறங்க.

இப்போ டொமைன் மாற்றத்தோட நேரடி விளைவு. விண்டோஸ் ஃபயர்வாலுக்கு மூணு முகம் உண்டு: டொமைன், பிரைவேட், பப்ளிக். எந்த நெட்வொர்க்ல இருக்கோமோ அதுக்கான விதிகள் மட்டும் அமலுக்கு வரும். பழைய ஒர்க்குரூப் காலத்துல யாரோ ‘பிரைவேட்’ல மட்டும் டிக் போட்டு விதி எழுதியிருப்பாங்க. சர்வர் டொமைன்ல சேர்ந்த நிமிஷமே முகம் ‘டொமைன்’னு மாறிடும். விதி அங்கேயேதான் இருக்கு, பச்சை டிக்கும் இருக்கு, ஆனா அமலில் இல்லை. பார்க்கிறவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். டொமைன்ல சேர்க்காத சர்வருக்கும் இதே மாதிரி ஒரு வலை உண்டு. நெட்வொர்க் மாறினதும் விண்டோஸ் அதைப் புது இடம்னு நினைச்சு ‘பப்ளிக்’ முகத்துக்குப் போயிடலாம்.

பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்னு ஒரு கட்டளை இருக்கு. சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் கொடுத்தா, கதவு திறந்திருக்கா இல்லையானு சொல்லிடும். ரெண்டு போர்ட்டுக்கும் தனித்தனியாப் பண்ணுங்க. நம்ம நேயருக்கு முதல் போர்ட் பதில் சொன்னது, ரெண்டாவது சொல்லலை. விதியைத் திறந்து பார்த்தா பிரைவேட்ல மட்டும் டிக். டொமைனுக்கும் டிக் போட்டதும் பெரும்பாலான பேருக்குத் திறந்துடுச்சு.

கடைசியா ஆள்

பெரும்பாலான பேருக்குத்தான். மூணு பேருக்கு இன்னும் வரலை. ஒருத்தருக்கு சாஃப்ட்வேர் ‘சர்வர் எங்கே?’னு முதல் நாள் மாதிரி கேட்குது. ரெண்டு பேருக்கு வேற செய்தி.

முதல் ஆள் விஷயம் இடம். டொமைன் பெயர்ல லாகின் ஆனா, விண்டோஸைப் பொறுத்தவரை அவர் புது ஆள். புது டெஸ்க்டாப், புது ப்ரொஃபைல். பழைய யூசருக்கு மட்டும் எழுதியிருந்த என்விரான்மென்ட் வேரியபிள் புதுசுக்கு வராது. சர்வரோட பெயர் அதுலதான் இருந்திருக்கும். அதை யூசர் பகுதியில எழுதாம சிஸ்டம் பகுதியில எழுதினா யார் லாகின் ஆனாலும் கிடைக்கும். எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே தடவையில குரூப் பாலிசி மூலமா அனுப்புறது இன்னும் சுலபம். டொமைனுக்கு மாறினதோட பலனே அதுதானே! ரெஜிஸ்ட்ரியிலும் ஃப்ளெக்ஸ்எல்எம் பெயர்ல பழைய சர்வர் முகவரி ஒட்டிக்கிட்டிருக்கலாம், அதையும் பாருங்க.

மத்த ரெண்டு பேர் விஷயம் ஆப்ஷன்ஸ் ஃபைல். எந்த யூசருக்கு எந்த லைசென்ஸ்னு சர்வர்ல ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க. அதுல ‘டிசைன்03’னு பழைய யூசர் பெயர் இருக்கும். டொமைன்ல அவங்களுக்குச் சொந்தப் பெயர்லயே கணக்கு. பட்டியல்ல இல்லாதவங்களுக்கு சர்வர் கதவைச் சாத்திடும். இன்னொண்ணு, அந்தப் பட்டியல்ல ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் பொதுவா கணக்குல வரும். பெயரைத் திருத்தி, சர்வரை அந்தப் பட்டியலை மறுபடி படிக்க வெச்சா முடிஞ்சது.

எண்ணைப் படிங்க

ஃப்ளெக்ஸ்எல்எம் பிழைச் செய்தியில ஒரு மைனஸ் எண் வரும். பலர் அதைப் பார்க்காமலே ஓகே அழுத்திடுவாங்க. பாதி விடை அந்த எண்லதான் இருக்கு.

மைனஸ் 14: சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியலை. பெயர் பிரச்சினை.
மைனஸ் 15: சர்வரோட இணைப்பு கிடைக்கலை. கதவைப் பாருங்க.
மைனஸ் 96: சர்வர் பதில் சொல்லலை. பெயர், கதவு ரெண்டையும் பாருங்க.
மைனஸ் 97: கவுன்ட்டர் இருக்கு, வெண்டர் டீமன் ஓடலை.
மைனஸ் 38, 39: விலக்குப் பட்டியல்ல பெயர் இருக்கு, அல்லது அனுமதிப் பட்டியல்ல பெயர் இல்லை. ஆள் பிரச்சினை.
மைனஸ் 34: ரெண்டு கம்ப்யூட்டருக்கும் மணி ஒத்துப்போகலை. டொமைன்ல சேர்ந்ததுக்கு மணி டொமைன் கன்ட்ரோலர்லேர்ந்து வரும், சேராத லைசென்ஸ் சர்வர் தன் சொந்த மணியில ஓடும்.
மைனஸ் 9: கம்ப்யூட்டரோட அடையாள எண் பொருந்தலை. இது பெரும்பாலும் நெட்வொர்க் கார்டோட மேக் முகவரி. டொமைன்ல சேர்றதால இது மாறாது. அதே நாள்ல சர்வரை வர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றியிருந்தா மாறியிருக்கும். இதை நீங்களா திருத்த முடியாது. விற்ற நிறுவனத்துக்கிட்ட புது லைசென்ஸ் ஃபைல் கேட்கணும்.
மைனஸ் 4: எல்லாம் சரி, லைசென்ஸ் எல்லாமே வேற ஆட்கள் கையில இருக்கு. டீ குடிச்சிட்டு வாங்க.

‘இப்போதைக்கு’ங்கிற வார்த்தை

மேலாளர் சொன்ன மாதிரி ஃபயர்வாலை ஆஃப் பண்ணியிருந்தா அன்னைக்கு டிராயிங் திறந்திருக்கும். ஆனா ‘இப்போதைக்கு’ ஆஃப் பண்ணினதை மறுபடி ஆன் பண்ற நாள் வரவே வராது. அதோட அந்த மூணு பேருக்கு அப்பவும் திறந்திருக்காது, ஏன்னு யாருக்கும் புரிஞ்சிருக்காது.

கிராக் இன்னும் மோசம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு கொடுத்தவருக்கே தெரியாது. புதுசா டொமைன்ல சேர்ந்த கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏறினா அது ஒரு டேபிளோட நிற்காது. சட்டப்படியும், திருட்டு நகல்னு தெரிஞ்சே மென்பொருளைப் பயன்படுத்தினா 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 63பி பிரிவுன்னு தனியா ஒண்ணு இருக்கு, சிறைத் தண்டனை வரைக்கும் போகும். காசு கொடுத்து வாங்கின லைசென்ஸ் கையில இருக்கும்போது இந்த வம்பு எதுக்கு?

ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஐ.பி.யை எழுதி ஓட்டுறது இந்த ரெண்டையும் விட நல்லதுதான், ஒரு அவசரத்துக்கு. ஆனா 20 கம்ப்யூட்டர்ல எழுதிட்டு மறந்துட்டா, அடுத்த வருஷம் சர்வர் முகவரி மாறும்போது உங்களுக்கு அப்புறம் வர்றவங்க தலையைப் பிச்சுக்குவாங்க.

மேலாளர்கிட்ட பேச ஒரு வழியும் சொல்றேன். ‘தெரியலை சார், பார்த்துட்டிருக்கேன்’னு சொன்னா அவருக்கு நம்பிக்கை வராது. ‘சார், பெயர் சரியா இருக்கு, முதல் போர்ட் திறந்திருக்கு, ரெண்டாவது மூடியிருக்கு, அதைத்தான் பார்க்கிறேன்’னு சொல்லிப் பாருங்க. பிரச்சினை அதேதான், ஆனா அவர் உங்க நாற்காலிக்குப் பின்னாடி நிற்கிறதை விட்டுட்டுப் போயிடுவார்.

உங்க ஆபீஸ் இன்னும் டொமைனுக்கு மாறலைன்னா, மாறுறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு தாள்ல அஞ்சு விஷயம் எழுதி வைங்க: லைசென்ஸ் சர்வரோட பெயரும் ஐ.பி.யும், ரெண்டு போர்ட் எண், ஃபயர்வால் விதியில எந்த முகத்துல டிக் இருக்கு, ஆப்ஷன்ஸ் ஃபைல்ல இருக்கிற யூசர் பெயர்கள், லைசென்ஸ் ஃபைலோட ஒரு நகல் எங்கே இருக்கு. அப்புறம் எல்லா கம்ப்யூட்டரையும் ஒண்ணா மாற்றாம, ஒரே ஒரு கம்ப்யூட்டரை மாற்றி, டொமைன் பெயர்ல லாகின் ஆகி, டிராயிங் சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்க. அது திறந்ததுக்கு அப்புறம் மத்ததைத் தொடுங்க.

அடுத்த எபிசோட்ல வி.பி.என். வழியா வீட்டுலேர்ந்து இதே லைசென்ஸை எடுக்கிறதைப் பத்திப் பேசுவோம். கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அந்த மைனஸ் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க.